கொடைக்கானல் ஏரி மீன்: சட்டக் கணக்கு ஒன்று, சாப்பாட்டுக் கணக்கு வேறு

தமிழ்நாட்டுக்குச் சுற்றுலா போகும் மலேசியத் தமிழ்க் குடும்பங்களின் பயணப் பட்டியலில் மதுரை, பழனிக்கு அடுத்த பெயராகக் கொடைக்கானல் இருக்கும். காலையில் பழனி முருகனைத் தரிசித்துவிட்டு மலையேறினால் பிற்பகலில் ஏரிக்கரைக்குப் போய்விடலாம். படகு, குதிரை, வாடகை சைக்கிள், சுட்ட சோளம் என்று அங்கே பொழுது போவதே தெரியாது. சுமார் 60 ஏக்கர் பரப்பில் நட்சத்திர வடிவில் கிடக்கும் அந்த ஏரி, 1863இல் மதுரை கலெக்டராக இருந்த வேரே ஹென்றி லெவிஞ்ச் என்பவர் ஓடையை மறித்து உருவாக்கியது. அதில் மீன் உண்டு. தூண்டில் போடுகிறவர்களும் உண்டு.

அந்த மீனில் பாதரசம் இருக்கிறது என்ற ஆய்வு முடிவு 2006ஆம் ஆண்டிலேயே அறிவியல் இதழில் வெளியானது. ஹைதராபாத்தில் இயங்கும் இந்திய அணுசக்தித் துறையின் ஆய்வுக்கூடம், கொடைக்கானல் ஏரியின் தண்ணீர், அடிச்சேறு, மீன் மூன்றையும் சோதித்தது. ஒரு கிலோ மீனில் 120 முதல் 290 மைக்ரோகிராம் வரை பாதரசம் இருந்தது. மீனில் பாதரசம் இவ்வளவுதான் இருக்கலாம் என்று பல நாடுகள் வைத்திருக்கும் வரம்பு, கிலோவுக்கு 0.5 மில்லிகிராம். அதாவது 500 மைக்ரோகிராம்.

290 என்பது 500ஐ விடக் குறைவு. அப்படியென்றால் மீன் நல்ல மீன்தானே? சட்டம் அப்படித்தான் சொல்லும். ஆனால் அந்த 500 என்ற எண் மீனுக்காக எழுதப்பட்டது, மீனைச் சாப்பிடுகிறவருக்காக எழுதப்பட்டதல்ல. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான், ஏரியோரத்திலும் குட்டையோரத்திலும் குடியிருந்து, கிடைத்த மீனைக் குழம்பு வைத்துச் சாப்பிடும் குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. கொடைக்கானலில் மட்டும் என்றில்லை, பேராக்கிலும் சிலாங்கூரிலும் கூடத்தான்.

அமெரிக்காவிலிருந்து வந்த ஆலை

காய்ச்சல் பார்க்கும் கண்ணாடி வெப்பமானி இன்று அநேகமாக மறைந்துவிட்டது. நாக்கின் அடியில் வைத்து, பின் உதறி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்த அந்தக் குழாய்க்குள் இருந்த வெள்ளிநிறத் திரவம்தான் பாதரசம். அதைத் தயாரிக்கும் ஆலை ஒன்று அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்ற ஊரில் இருந்தது. முகப்பூச்சுக்குப் பெயர்போன பாண்ட்ஸ் நிறுவனத்தின் ஆலை அது. அங்கே அதை மூடிவிட்டு, இயந்திரங்களை 1980களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்குக் கொண்டுவந்தார்கள். உற்பத்தி 1984இல் தொடங்கியது. பாதரசம் அமெரிக்காவிலிருந்து வந்தது. செய்து முடித்த வெப்பமானிகள் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் திரும்பிப் போயின. இடையில் சிந்தியது மட்டும் மலையில் தங்கியது.

பின்னர் பாண்ட்ஸ் நிறுவனத்தை யூனிலீவர் வாங்கியது. இந்தியாவில் 1998இல் நடந்த இணைப்பின்வழி ஆலை ஹிந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில் கொடைக்கானல் மூஞ்சிக்கல் பகுதியில் பழைய இரும்புக் கடை ஒன்றில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு 7.4 டன் குவிந்துகிடப்பதை ஊர் மக்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் கண்டுபிடித்து வெளிப்படுத்தினர். ஆலை அதே மாதம் மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள மறுசுழற்சி ஆலைக்கே திரும்பிப் போனது. பணக்கார நாடுகளின் நச்சுக் கழிவு ஏழை நாடுகளுக்கு வருவதையே பார்த்துப் பழகிய உலகத்துக்கு அது ஒரு புதுமையான காட்சி.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. ஆலை இருந்தது ஒரு மேட்டு விளிம்பில். அதன் மழைநீர் வடிவது தெற்கே, பாம்பார் சோலைக்குள். அங்கிருந்து பாம்பாறு இறங்கி, கும்பக்கரை அருவியாக விழுந்து, வைகையை நோக்கிப் போகிறது. கொடைக்கானல் ஏரியோ ஆலைக்கு வடக்கே, மேட்டின் மறுபக்கத்தில் இருக்கிறது. ஆலையின் வாய்க்கால் எதுவும் ஏரிக்குள் வந்து விழவில்லை. அப்படியிருந்தும் ஏரிக்குப் பாதரசம் வந்தது எப்படி?

காற்றில் வந்தது. பாதரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாகும் உலோகம். ஆலைக்குள் சிந்தியதும், உடைந்த கண்ணாடியில் ஒட்டியிருந்ததும், வெளியேற்றுக் குழாய்வழி போனதும் ஆவியாகி, மலைக்காற்றில் பரவி, பனியோடும் மழையோடும் கீழே இறங்கியது. அதே ஆய்வுக்கூடம் மரப்பட்டைகளில் படரும் பாசிகளைச் சோதித்தும் இதைக் காட்டியிருக்கிறது. ஏரிகளை ஒப்பிட்டுப் பார்த்தால் கதை இன்னும் தெளிவாகிறது. ஆலைக்கு அருகில் இருப்பது கொடைக்கானல் ஏரி. இருபது கிலோமீட்டர் அளவு தள்ளியிருப்பது பேரிஜம். அதைவிடத் தூரத்தில் இருப்பது குக்கல். அடிச்சேற்றில் பாதரசம் அதே வரிசையில் குறைந்துகொண்டே போகிறது. கொடைக்கானல் ஏரிச் சேற்றில் இருந்தது குக்கலைப்போல் மூன்று, நான்கு மடங்கு. சேற்றில் உள்ள பாதரசத்தில் மிக ஆபத்தான வடிவத்துக்கு மாறியிருந்த பங்கும் கொடைக்கானலில் 6 விழுக்காடு, குக்கலில் 2 விழுக்காடு.

தொழிலாளர்களின் உடல்நலக் கேட்டுக்கு ஆலைப் பாதரசம் காரணமல்ல என்பதே நிறுவனம் தொடர்ந்து சொல்லிவரும் நிலைப்பாடு. சிறுநீரகக் கோளாறு, நரம்புக் கோளாறு, இளவயது மரணங்கள் என்று முன்னாள் தொழிலாளர்கள் அடுக்கிய புகார்கள் பல ஆண்டுகள் நீதிமன்றத்தில் கிடந்தன. 2015இல் சென்னைப் பாடகி சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் காணொளி உலகம் முழுக்கப் பரவிய பிறகுதான் வெளிநாட்டு ஊடகங்கள் கொடைக்கானலைத் திரும்பிப் பார்த்தன. அடுத்த ஆண்டு மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாடு கண்டது. மனிதாபிமான அடிப்படையில் என்று சொல்லிக் கொடுத்தது. எவ்வளவு என்பது வெளியிடப்படவில்லை. தொழிலாளர்களுக்காவது சங்கம் இருந்தது, பெயர்ப் பட்டியல் இருந்தது. மீன் சாப்பிட்டவர்களுக்குப் பட்டியல் ஏது?

புளி போட்டாலும் போகாது

வெப்பமானி உடைந்து உருண்டோடும் பாதரசமும் மீனில் இருக்கும் பாதரசமும் ஒன்றல்ல. ஏரியின் அடிச்சேற்றில், காற்றுப் புகாத கருஞ்சேற்றில் வாழும் சில நுண்ணுயிர்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றிவிடுகின்றன. அதை நீரில் மிதக்கும் நுண்பாசி உறிஞ்சுகிறது. பாசியைச் சிறு பூச்சி தின்கிறது, பூச்சியைக் குஞ்சு மீன், குஞ்சு மீனைப் பெரிய மீன். ஒவ்வொரு படியிலும் செறிவு ஏறுகிறது. தண்ணீரைச் சோதித்தால் அளவு மிகச் சொற்பமாகத் தெரியும். அதே தண்ணீரில் சில ஆண்டு வாழ்ந்த வேட்டை மீனின் சதையில் அது ஆயிரக்கணக்கான மடங்கு, சில இடங்களில் லட்சக்கணக்கான மடங்கு கூடியிருக்கும்.

சமைக்கிறவர்களுக்கு முக்கியமான சங்கதி இது: மெத்தில் பாதரசம் மீனின் கொழுப்பில் இல்லை, சதையில் இருக்கிறது, புரதத்தோடு பிணைந்து. குடலை எடுத்தாலும், தோலை உரித்தாலும், மஞ்சள் தடவிக் கழுவினாலும், புளி கரைத்துக் கொதிக்க வைத்தாலும், மொறுமொறுவென்று பொரித்தாலும் அது போகாது. நாற்றமும் இல்லை, கசப்பும் இல்லை. கெட்ட மீனை மூக்கால் கண்டுபிடிக்கும் நம் பாட்டிமார்களின் திறமை இங்கே செல்லாது.

உடலுக்குள் போன மெத்தில் பாதரசம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 50 நாட்கள் பிடிக்கும். ஆகவே எப்போதோ ஒரு நாள் சாப்பிடுகிறவருக்கு அது பெரிய விஷயமல்ல. வாராவாரம் சாப்பிடுகிறவருக்கு, முந்தியது போவதற்குள் அடுத்தது வந்து சேர்கிறது. கருவுற்ற பெண்ணின் உடலில் இருப்பது நச்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையின் மூளை வரை போகிறது. வட அட்லாண்டிக்கில் உள்ள ஃபாரோ தீவுகளில் 1986, 1987இல் பிறந்த சுமார் ஆயிரம் குழந்தைகளை ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். தாய்மார் திமிங்கில இறைச்சி வழியாகப் பாதரசம் உட்கொண்டவர்கள். பிள்ளைகளுக்கு ஏழு வயதானபோது கவனம், மொழி, நினைவாற்றல் ஆகியவற்றில் சிறு குறைவு தெரிந்தது. கடல் மீனையே அன்றாடம் உண்ணும் சீஷெல்ஸ் தீவுகளில் நடந்த இன்னொரு பெரிய ஆய்வில் அப்படித் தெளிவான பாதிப்பு தென்படவில்லை. மீனில் உள்ள நல்ல சத்துகளும் சேர்ந்தே வேலை செய்கின்றன என்பது ஒரு விளக்கம். எனவே ‘மீனே வேண்டாம்’ என்று கிளம்புவது தவறான முடிவு. எந்த மீன், எவ்வளவு, யாருக்கு என்பதுதான் கேள்வி.

அதற்குக் கணக்கு இருக்கிறது. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பும் உலகச் சுகாதார நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு, 2003இல் ஒரு வார வரம்பை வகுத்தது. உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் வாரத்துக்கு 1.6 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம். வயிற்றில் இருக்கும் குழந்தையை மனத்தில் வைத்து வகுத்த எண் இது. மீனில் உள்ள பாதரசம் பெரும்பாலும் மெத்தில் பாதரசமே என்பதால், அப்படியே பெருக்கிப் பார்க்கலாம்.

60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு வாரம் 96 மைக்ரோகிராம். கிலோவுக்கு 290 மைக்ரோகிராம் உள்ள ஏரி மீனில் அது சுமார் 330 கிராம், அதாவது நடுத்தரத் துண்டுகளாக இரண்டு வேளைச் சாப்பாடு. வாரம் ஐந்து வேளை, வேளைக்கு 150 கிராம் என்று சாப்பிடும் வீட்டில் அந்தப் பெண்ணுக்குப் போவது ஏறத்தாழ 217 மைக்ரோகிராம். வரம்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு வாரம் 24 மைக்ரோகிராம்தான். 80 கிராம் மீனில் அது முடிந்துவிடும். ஒரு வாரத்துக்கு ஒரு துண்டு.

இத்தனைக்கும் அந்த மீன் ‘சட்ட வரம்புக்கு உட்பட்டது’. வரம்பையே தொட்டு நிற்கும் 500 மைக்ரோகிராம் மீனாக இருந்தால், 60 கிலோ பெண்ணுக்கு வாரம் 190 கிராமோடு சரி. சந்தையில் பலவகை மீன் வாங்கி, கோழியும் ஆடும் மாற்றிச் சாப்பிடும் பட்டணத்துக் குடும்பத்தை நினைத்து எழுதிய வரம்பு அது. ஒரே ஏரியிலிருந்து, செலவில்லாமல் கிடைக்கும் மீனையே நம்பியிருக்கும் குடும்பம் அந்தக் கணக்கில் இல்லை. இதில் அறிவியல் குழப்பம் ஒன்றுமில்லை. யாரை நினைத்து விதி எழுதப்படுகிறது என்பதுதான் விவகாரம்.

‘எல்லா மீனும் விஷம் என்று நிரூபணம் இல்லை’

இந்த விவகாரம் மிக மோசமாக வெடித்த இடம் ஜப்பானின் மினமாட்டா. சிஸ்ஸோ என்ற இரசாயன ஆலை பாதரசக் கழிவை வளைகுடாவில் விட்டுக்கொண்டிருந்தது. 1956 மே மாதம் அந்த மர்ம நோய் அதிகாரப்பூர்வமாகப் பதிவானது. கைவிரல் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, பார்வை சுருங்குவது, வலிப்பு. மீனவக் குடும்பங்களில்தான் அதிகம். மனிதர்களுக்கு முன்பே பூனைகள் சுழன்று சுழன்று செத்தன.

மீன்தான் காரணம் என்ற சந்தேகம் சீக்கிரமே எழுந்தது. உணவுச் சுகாதாரச் சட்டத்தைக் கொண்டு அந்த வளைகுடா மீனைத் தடைசெய்யலாமா என்று மாநில நிர்வாகம் 1957இல் மத்திய அரசைக் கேட்டது. வளைகுடாவில் உள்ள எல்லா மீனும் நஞ்சாகிவிட்டது என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை, ஆகவே சட்டத்தைப் பயன்படுத்த முடியாது என்பது பதிலின் சாரம். ஆலைக் கழிவே காரணம் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது 1968இல். நடுவில் பதினோரு ஆண்டுகள். மீன்பிடிப்பைத் தவிர வேறு பிழைப்பு இல்லாதவர்கள் பிடித்துக்கொண்டும் சாப்பிட்டுக்கொண்டும்தான் இருந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களாக அதிகாரப்பூர்வமாக ஏற்கப்பட்டவர்கள் மட்டும் 2,000 பேருக்கும் அதிகம். அந்த ஊரின் பெயரிலேயே 2013இல் பாதரசம் பற்றிய அனைத்துலக ஒப்பந்தம் கையெழுத்தானது. சிங்கப்பூர் 2017இலும் இந்தியா 2018இலும் அதை உறுதிசெய்தன. பாதரச வெப்பமானித் தயாரிப்பை 2020க்குள் நிறுத்த வேண்டும் என்பதும் அதில் உண்டு.

கொடைக்கானலை மினமாட்டா என்று சொல்வது மிகை. அளவுகள் அந்தத் தூரத்துக்குப் போகவில்லை. ஆனால் அதிகாரிகள் கேட்கும் கேள்வி ஒன்றேதான்: ‘மீன் வரம்பைத் தாண்டியதா இல்லையா?’ தாண்டவில்லை என்றால் கோப்பு மூடப்படும்.

இதே கேள்வியை வேறு மாதிரிக் கேட்ட ஊரும் ஒன்று உண்டு. விசித்திரம் என்னவென்றால், அது கொடைக்கானலுக்கு ஆலையை அனுப்பிவைத்த அதே நியூயார்க் மாநிலத்தில்தான் இருக்கிறது. வாட்டர்டவுனுக்குத் தெற்கே ஏறத்தாழ 110 கிலோமீட்டரில் சிரக்யூஸ் நகரம். அதை ஒட்டி ஒனண்டாகா ஏரி. ஒனண்டாகா என்ற பூர்வகுடி மக்களுக்குப் புனிதமான நீர்நிலை அது. 1946 முதல் 1970 வரை அலைட் கெமிக்கல் நிறுவனம் அந்த ஏரியில் விட்ட பாதரசம் சுமார் 75 டன். 1970இல் மீன்பிடிக்கத் தடை வந்தது. 1986இல் தடை தளர்ந்தது, பிடித்தால் திரும்ப விட்டுவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு.

2005இல் ஏரியைத் துப்புரவு செய்யும் திட்டம் முடிவானது. 2012 முதல் 2014 வரை ஏரியடியிலிருந்து சுமார் 17 லட்சம் கனமீட்டர் சேற்றை உறிஞ்சி எடுத்தார்கள். செலவு, அலைட் நிறுவனத்தோடு இணைந்த ஹனிவெல் நிறுவனத்தின் தலையில். இங்கே கவனிக்க வேண்டியது பணத்தையோ சேற்றையோ அல்ல, அவர்கள் வைத்த இலக்கை. மண்ணில் எவ்வளவு, தண்ணீரில் எவ்வளவு என்பதோடு நிற்காமல், மீனின் சதையில் எவ்வளவு என்பதையே இலக்காக எழுதினார்கள். மனிதர் உண்ணும் மீனுக்குக் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். சட்ட வரம்பான 0.5இல் பாதிகூட இல்லை. மாநிலச் சுகாதாரத் துறையின் அறிவுரையும் ஆளுக்கு ஏற்றபடி இருக்கிறது: 50 வயதுக்குக் குறைந்த பெண்களும் 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளும் அந்த ஏரி மீனைச் சாப்பிடவே வேண்டாம். மற்றவர்களுக்கு மீன் வகைப்படி கட்டுப்பாடு.

கொடைக்கானலில் அளவுகோல் வேறு. ஆலை வளாகத்து மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்பதே ஆண்டுக்கணக்கில் இழுத்த வழக்கு. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்று இலக்கு வைக்கப்பட்டது. சோலைக்காட்டு விளிம்பில், கீழே வைகை வரை தண்ணீர் போகும் இடத்தில் இது மிகவும் தாராளமான அளவு என்று சூழலியலாளர்கள் எதிர்த்தார்கள். குடியிருப்பு நிலத்துக்கான பிரிட்டிஷ் அளவுகோலைப் பின்பற்றி வந்த எண் அது. மண்ணில் நடக்கிற, மண்ணைத் தொடுகிற மனிதருக்கான கணக்கு. மழையில் அரித்துப்போய், சேற்றில் மெத்தில் பாதரசமாக மாறி, மீன்வழி மனிதருக்கு வரும் பாதைக்கு வேறு கணக்கு வேண்டும். வேலி போட்ட வளாகத்துக்குள் துப்புரவு நடக்கிறது. காற்றில் போனதற்கு வேலி கிடையாது.

நம் ஊர்க் குட்டைகள்

இதையெல்லாம் கோலாலம்பூரிலோ ஈப்போவிலோ இருப்பவர் ஏன் படிக்க வேண்டும்? நம்மிடமும் ஏரிகள் இருக்கின்றன, வேறு பெயரில். கிந்தா பள்ளத்தாக்கிலும் சிலாங்கூரிலும் ஈயம் தோண்டிய பள்ளங்கள் தண்ணீர் நிரம்பி லொம்போங் ஆகிக் கிடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டத்து, தாமான் இளைஞர்கள் மோட்டார்சைக்கிளில் தூண்டிலோடு போவது அங்கேதான். தீலாப்பியா, கெலி, விரால், அதிர்ஷ்டம் இருந்தால் தொமான். பிடிபட்டது வீட்டுக்கு வருகிறது, மிஞ்சியது பக்கத்து வீட்டுக்கும் போகிறது.

ஈயத் தாதுவோடு ஆர்செனிக் கலந்த கனிமங்களும் சேர்ந்தே இருப்பது வழக்கம். தோண்டிக் கழுவியபோது அவை மணலோடும் சேற்றோடும் மேலே வந்து குட்டைகளில் தங்கிவிட்டன. முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கப்பட்ட பெஸ்தாரி ஜெயா பகுதியின் பழைய ஈயக்குட்டை மீன்களில் கன உலோகங்கள் சேர்ந்திருப்பதை உள்நாட்டு ஆய்வாளர்களே பதிவு செய்திருக்கிறார்கள். 2014 வறட்சியில் அந்தப் பகுதிக் குட்டை நீரைச் சிலாங்கூர் ஆற்றுக்கு ஏற்றலாம் என்று மாநில அரசு முடிவெடுத்தபோது, கன உலோகம் பற்றிப் பெரிய விவாதமே நடந்தது. அரசியல்வாதிகள் பேசினார்கள், அமைச்சுகள் பேசின, பத்திரிகைகள் தலைப்புச் செய்தி போட்டன. குடிநீர் சோதிக்கப்பட்டது. அதே குட்டையில் நெடுங்காலமாக மீன் பிடித்துச் சாப்பிட்டவர்களைப் பற்றி அந்த விவாதத்தில் அதிகம் பேச்சில்லை.

இது நம் நாட்டின் வழக்கமாகவே ஆகிவிட்டது. 2020 செப்டம்பரில் ரவாங் அருகே சுங்கை கோங் ஆற்றில் ஆலைக் கழிவு கலந்து, கிள்ளான் பள்ளத்தாக்கில் 10 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளுக்குத் தண்ணீர் நின்றபோது நாடே கொதித்தது. அதற்கு முந்தைய ஆண்டு பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டியதால் பிள்ளைகள் மயங்கி விழுந்து 111 பள்ளிகள் மூடப்பட்டன. குழாய் வறண்டால் தெரியும், மூச்சு முட்டினால் தெரியும். மீன்வழி மெல்ல ஏறுவது யாருக்கும் தெரியாது. 2024இல் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தைத் திருத்தி அதிகபட்ச அபராதத்தை 1 கோடி ரிங்கிட்டாக உயர்த்தியது நல்ல காரியம். ஆனால் அபராதம் கொட்டினவரைத் தண்டிக்கும், கொட்டின பின் அந்த நீரில் வளர்ந்த மீனை யாரும் சாப்பிடலாமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லாது. மீன்வளத் துறையும் சுகாதார அமைச்சும் சேர்ந்து, மக்கள் வாடிக்கையாகத் தூண்டில் போடும் குட்டைகளின் மீனைச் சோதித்து, முடிவைக் கரையில் பலகையாக நட வேண்டும். ‘ஆபத்து, ஆழம்’ என்ற பலகையை நடத் தெரிந்த ஊராட்சி மன்றங்களுக்கு இது முடியாத வேலையல்ல. மலாயோடு தமிழிலும் சீனத்திலும் எழுதினால் இன்னும் நல்லது. தூண்டில் போடுகிறவர்களின் மொழி அதுதான்.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியவை சில உண்டு. இங்கே நம் சமையலறை வழக்கம் ஒன்றைத் தொடாமல் இருக்க முடியாது. பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால் ஊறட்டும் என்று சுறாப் புட்டு செய்து கொடுக்கிறோம். அறுவைச் சிகிச்சைப் புண் ஆறட்டும் என்று விரால் சூப் வைத்துக் கொடுக்கிறோம். ‘ஹருவான்’ என்றால் இந்நாட்டில் எல்லா இனத்தாரும் நம்பும் மருந்து. இரண்டும் அன்பால் செய்வதுதான். ஆனால் இரண்டுமே பிற மீனைத் தின்று வாழும் வேட்டை மீன்கள். பாதரசம் படிப்படியாக ஏறும் ஏணியின் மேல்படியில் இருப்பவை. கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் வெளிப்படையான அறிவுரை. குட்டையில் தானாக வளர்ந்து பருத்த விரால் எங்கே வளர்ந்தது, எதைத் தின்றது என்று யாருக்கும் தெரியாது. ‘பெரிய மீனாகப் பார்த்து வாங்கி வா’ என்று சொல்லி அனுப்புவதும் நம் வழக்கம். மீன் எவ்வளவு பெரிதோ அவ்வளவு வயது, அவ்வளவு பாதரசம்.

பாதரசம் சதையில் இருக்கிறது என்பது மேலே சொல்லப்பட்டது. காட்மியம் போன்றவை ஈரலிலும் சிறுநீரகத்திலும், காரீயம் எலும்பிலும் செவுளிலும் அதிகம் தங்கும். ஆகவே ஈயக்குட்டை மீனின் தலையைக் கறி வைப்பதும் குடலை வறுத்துத் தின்பதும் இன்னொரு வகை ஆபத்து. ஆலைக் கால்வாய் சேரும் குட்டை, குப்பை மேட்டை ஒட்டிய குட்டை என்றால் பிடிக்கும் மகிழ்ச்சியோடு நிறுத்திக்கொண்டு மீனைத் திரும்ப விட்டுவிடுவதே மேல். வீட்டில் கருவுற்றவரோ சின்னப் பிள்ளையோ இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

தாய்மாருக்கு மீன் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. கெம்போங், நெத்திலி, மத்தி போன்ற சிறிய கடல் மீன்களில் பாதரசம் குறைவு, மூளை வளர்ச்சிக்கு வேண்டிய கொழுப்புச் சத்து அதிகம், விலையும் கைக்கு அடக்கம். விரால்தான் வேண்டும் என்று மாமியார் பிடிவாதமாக நின்றால், பண்ணையில் தீவனம் போட்டு வளர்த்த விரால் சந்தையில் கிடைக்கிறது. குட்டையில் பிடித்ததா, பண்ணையில் வளர்த்ததா என்று மீன் கடைக்காரரிடம் கேட்டுவிட்டு வாங்கலாம்.